வாளி யானைக்காக மலாக்கா போனேன்

மலாக்காவில் என்னை முதலில் வரவேற்றது ஓர் உடும்பு. தஞ்சோங் கிளிங்கில் தேவகி டீச்சர் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கித் திரும்பினால், பெரிய சாக்கடைக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தது. நம் ஊர் உடும்பு மாதிரி அல்ல. முதலைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடுரோட்டுக்கு ஓடினேன்.

"அது ஒண்ணும் செய்யாது சார். டெய்லி வரும், போவும். உள்ள வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடி டீச்சர் கேட்டைத் திறந்தார். காலைச் சாப்பாடு சாப்பிடுவதை இங்கே பசியாறுவது என்கிறார்கள். எனக்கு அப்போது தண்ணீர்கூட இறங்காது போலிருந்தது.

நான் பயந்த சுபாவக்காரன். இதைச் சொல்லக் கூச்சமில்லை, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. சென்னையில் சிறுவர் புத்தகங்களுக்கென்றே உள்ள ஒரு சின்ன நூலகத்தில் பழைய காகிதங்களைப் பழுதுபார்க்கிறேன். ஈரம், வெயில், பூச்சி, விரலில் இருக்கும் எண்ணெய், பக்கத்தில் யாராவது கொண்டுவந்து வைக்கும் காப்பி டம்ளர் என்று எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டிய வேலை. முப்பது வருடமாகக் குறைவில்லாமல் பயந்து வருகிறேன்.

இந்த முறை வந்தது ஓவியர் தங்கராசுவின் காகிதங்களுக்காக. புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்தவர். வேலை நேரம் போக, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். அவர் வரைந்த ஒரு பாட்டுப் புத்தகம் எப்படியோ கப்பலேறி நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. அதன் அட்டையில், ரப்பர் பால் எடுக்கும் வாளிக்குள் ஒரு யானை உட்கார்ந்திருக்கும். முட்டி மடங்கி, வயிறு விளிம்பில் பிதுங்கி, தும்பிக்கையை மழைக்கு நீட்டியிருக்கும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எப்படி வெளியே வரும் என்று எனக்கு மட்டும் பயமாக இருந்தது.

தங்கராசு காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகள் தேவகி டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் காகிதங்களை இந்த ஊர் ஈரத்தில் தன்னால் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் நூலகத்துக்கு எழுதியிருந்தார். "மற்றது வராவிட்டாலும் போகட்டும், வாளி யானையின் மூலப்படம் வந்தாக வேண்டும்" என்று சொல்லித்தான் நிர்வாகி ராஜேஸ்வரி அம்மா என்னை அனுப்பினார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்தாக வேண்டும். அவருக்கும் நான் பயப்படுவேன்.

காகிதங்கள் ஒரு படுக்கையறை அலமாரியில், ஏழெட்டு பிஸ்கட் டின்களில் இருந்தன. திறந்தால் பாச்சை உருண்டை நெடி. கூடவே என் பரம்பரை எதிரியான ராமபாணப் பூச்சி, வெள்ளி நிறத்தில், வெளிச்சத்தைக் கண்டு நாலா பக்கமும் ஓடியது. இருந்தாலும் படங்கள் தப்பியிருந்தன. தொப்பி போட்ட நண்டு, சைக்கிள் மிதிக்கும் பூனை, பல்லி வாலைப் பிடித்து ஊஞ்சலாடும் பல்லிக் குஞ்சு. கடைசி டின்னில் யானை இருந்தது.

அச்சில் மங்கலாகத் தெரிந்த சாம்பல் நிறம் இங்கே நீலமும் ஊதாவும் கலந்து ஈரத்தோலாகவே இருந்தது. தண்ணீரில் கரையும் பவுடர் வர்ணம். தடித்த தாளில் வரைந்து, அந்தத் தாளை ஓர் அட்டையில் ஒட்டியிருந்தார். "மரவள்ளிக் கிழங்கு மாவக் காய்ச்சி அப்பாவே பசை செய்வாரு. கெட்டியானதும் அட்டையில ஒரு ஓரம் விடாம தடவுவாரு" என்றார் டீச்சர். பூச்சிகளுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நான் மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டினேன்.

"சார், ஒரு விஷயம் நான் லெட்டர்ல எழுதல" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். "இந்த ஆனைய நீங்க கொண்டு போறதுக்கு முன்னாடி ஒருத்தவங்க பாக்கணுமாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். கோவிச்சிக்காதீங்க." பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, குருபோங்கிலிருந்து சரோஜா வந்தார். அங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் அக்கா என்றேன். தூக்குப்பையில் மூன்று பொட்டலம் நாசி லெமாக் கொண்டுவந்திருந்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிப் பொரியல், சிவப்பாக ஒரு சம்பல். நம் ஊர் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் போல இலையில் கட்டியது. ருசி அபாரம். ஆனால் யானை இருந்த அதே மேசையில் அவர் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்கு உயிரே இல்லை. சம்பல் எண்ணெய் வழிய வழிய அவர் கை யானைப் பக்கம் நீளும்போதெல்லாம் நான் அட்டையை ஒரு சாண் நகர்த்தினேன். கடைசியில் அது டீச்சர் மடிக்குப் போய்விட்டது.

"பயப்படாதீங்க தம்பி, நான் தொட மாட்டேன். எனக்கு முன்பக்கம் வேணாம். பின்பக்கம்தான் வேணும்" என்றார் சரோஜா அக்கா.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் பிறந்தது தங்கராசு வேலை பார்த்த அதே தோட்டத்தில். அங்கே ஆஸ்பத்திரியில் டிரஸர் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் பிரசவத்தைக் குறித்து வைப்பதும் அவர் வேலை. குழந்தை பிறந்தால் அவருடைய பெரிய பதிவேட்டில் எழுதுவார். "ஆபீஸ்லயே எழுதிட்டாங்களே, வேற என்னா வேணும்னு எங்கப்பா பேசாம இருந்துட்டாரு. எங்க லயத்து வரிசை வீடுங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான். சர்க்காருக்கு எழுதிக் குடுக்கணும்னு யாருக்குத் தெரியும்?"

அதனால் அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இங்கே குடிமக்களின் அடையாள அட்டை நீலம். இவருடையது சிவப்பு. இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. பாஸ்போர்ட் கிடையாது. மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டை இவர் போனில்தான் பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு தடவையும் அவதான் பஸ் ஏறி வருவா. இப்ப அவளால முடியாது லா. மொதப் பிரசவம், அம்மா வரமாட்டியான்னு கேக்குறா. நான் என்னா சொல்றது?"

பல வருடமாக விண்ணப்பம் போட்டு, ஒவ்வொரு முறையும் காகிதம் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை ஓர் அதிகாரி, பிறந்த இடத்துக்கு ஏதாவது பழைய மூல ஆவணம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவா, இல்லையென்றால் கோப்பை மூட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை நட்டபோது அலுவலகப் பதிவேடுகளை எல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு, டிரஸரின் பழைய பதிவேட்டைப் புதியதில் படியெடுத்துவிட்டு, பழையதைக் கழித்திருக்கிறார்கள். தாள் தடிமனாக இருக்கிறதே என்று தங்கராசு அதை வாங்கிக்கொண்டார். அவர் படங்கள் எல்லாம் அந்தத் தாள்களின் முதுகில்தான் பிறந்தன.

"சின்னப் புள்ளையில நாங்க ஆபீஸ் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு நிப்போம். கிராணியய்யா வரைஞ்சிக்கிட்டே, 'ஏ சரோஜா, இந்த ஆனை ஒன் முதுகு மேலதான் உக்காந்திருக்கு'ன்னாரு. தாளத் திருப்பி, 'இதோ பாரு ஒம் பேரு'ன்னு காட்டுனாரு. எனக்கு அப்ப படிக்கத் தெரியாது தம்பி."

நான் அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். மேல் ஓரத்தில் தாள் ஒரு நூல் அளவு தூக்கியிருந்தது. உள்ளே கோடுகள் தெரிந்தன, பென்சில் எழுத்தும் தெரிந்தது. எழுத்தில், பசையின் ஈரம் பட்ட இடங்களில், ஊதாப் புள்ளிகள். அது எச்சில் தொட்டு எழுதும் பழைய மைப் பென்சில். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் எழுத்து ஊதாவாகக் கசிந்து ஓடிவிடும். பசையை இளக்க ஈரம் வேண்டும். ஈரம் காட்டினால் பின்னால் எழுத்து போகும், முன்னால் வர்ணம் போகும். ஈரமில்லாமல் பிய்த்தால் படம் கிழியும். படமும் எழுத்தும் ஒரே தாளின் இரண்டு பக்கம்.

"முடியாதுக்கா" என்றேன். "யானை போய்விடும். யானை போயும் உங்கள் பெயர் கிடைக்காமல் போகலாம்."

அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. பொட்டலத்து இலைகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரி தம்பி. ஆனை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று முழுவதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை டீச்சர் ஒரு வழி சொன்னார். பழைய தோட்டத்துக் கோயில் சாமான் அறையில் அப்பாவின் பெட்டி ஒன்று கிடக்கிறது. டின்களில் இருந்த மற்றப் படங்களின் பின்பக்கம் சரோஜா இல்லை என்று பார்த்தாகிவிட்டது, ஆனால் அந்தப் பெட்டியில் அதே பதிவேட்டின் வேறு தாள்கள் இருக்கலாம், அம்மை குத்திய கணக்கிலாவது அவர் பெயர் அகப்பட்டால் யானையைத் தொடவே வேண்டாம். நான் உடனே செருப்பை மாட்டினேன். அவர் கார் ஓட்டுவார் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

தேவகி டீச்சர் வகுப்பில் எப்படியோ தெரியாது, ரோட்டில் யாருக்கும் அடங்காதவர். லாரிகளை இடப்பக்கமாகவே முந்தினார், முந்திக்கொண்டே என் பக்கம் திரும்பி அவர் அப்பாவின் கதைகளைச் சொன்னார். நம் ஊரிலாவது மாடு குறுக்கே வந்து வேகத்தைக் குறைக்கும். இங்கே எதுவும் வரவில்லை. நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் மரத்துப்போனது.

புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் ரொட்டி சானாயும், தே தாரிக் என்னும் ஆற்றிய டீயும் வாங்கிப் பசியாறினோம். நம் பரோட்டாவின் மெலிந்த தங்கை அந்த ரொட்டி. டீ ஒரு சொம்பு அளவு தருகிறார்கள். பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"இன்றைக்குப் பெய்யாது, நாளைக்குத்தான் பெய்யும்."

"நேற்றும் நீ இதையே சொன்னாய்."

"நேற்றுச் சொன்ன நாளை வேறு."

நாளைக்கு மழையா என்று எனக்குக் கவலை வந்தது. எந்த வேலையும் செய்யப்போவதில்லை என்று சொல்லியாகிவிட்டது, இருந்தாலும் காற்றின் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுவது கைவந்த பழக்கம்.

தோட்டத்து மண்பாதையில் செம்பனை மட்டை முள் ஏறி டயர் போனது. இரண்டு பக்கமும் செம்பனை. அதன் அடியில் பட்டப்பகலிலும் இருட்டு. பாம்பு உண்டா என்று கேட்டேன். "எலி இருக்கே, எலிக்காகப் பாம்பு இருக்கும். அது பாட்டுக்குப் போவும் லா" என்றார் டீச்சர். நான் காருக்குள் ஏறி, கால் இரண்டையும் சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.

பழக்குலை ஏற்றிய ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அறுபதைத் தாண்டியவர், பெயர் மணியம், சொந்த லாரி. இறங்கி எங்கள் கார்ச் சக்கரத்தை மாற்றிக்கொண்டே டீச்சரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க கிராணியய்யா மகதானே? நானும் இந்தத் தோட்டம்தான். ஐயா படத்தையெல்லாம் என்னா செஞ்சீங்க?"

யானையைப் பற்றி டீச்சர் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "வாளிக்குள்ள உக்காந்திருக்குமே, அந்த ஆனையா? அது என் முதுகு மேலதானே உக்காந்திருக்கு! எங்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. எல்லாப் புள்ளைங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு, தமாஷ் பேர்வழி!"

அவருக்கு அது வேடிக்கை. அவரிடம் நீல அட்டை இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கராசு எல்லாப் பிள்ளைகளிடமும் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், சரோஜா அக்கா இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மனிதரின் விளையாட்டுப் பேச்சை மட்டும்தான். அதற்குப் பிறகு டீச்சர் நிதானமாகவே ஓட்டினார்.

கோயில் சாமான் அறையில் பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே செம்மண். கரையான் காகிதம் முழுவதையும் தின்று, பெட்டியின் வடிவத்திலேயே மண்ணை நிரப்பி வைத்திருந்தது. டீச்சர் மூடியைப் பழையபடி சாத்திவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையில் டீச்சர் சொன்னார். "சார், அது எங்கப்பா சாமான். நான் குடுத்தாத்தான் ஒங்களது. நீங்க அந்தத் தாளப் பிரிச்சிப் பாருங்க. ஆனை போனாப் போகட்டும்."

"பெயர் இல்லையென்றால்?"

"இல்லன்னா இல்ல. பாக்காமலே இல்லன்னு அவங்ககிட்ட எப்படி சார் சொல்றது?"

ராஜேஸ்வரி அம்மாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் பயம் எனக்கு ஒத்தாசை செய்தது.

வியாழக்கிழமை மலாய்ப் பெரியவர் சொன்னபடியே மழை. ஓடு அதிரப் பெய்தது. படுக்கையறையில் ஏர்கான் போட்டு, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து, மேசையில் துடைத்த கண்ணாடி வைத்தோம். யானையை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டேன். சரோஜா அக்கா கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு வந்து, கூடத்தில் சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

யானையை முகம் கவிழ்த்து வைத்து, பின்னால் இருந்த அட்டையை ஏடு ஏடாக உரித்தேன். என்னிடம் இருந்தது ஒரு மெல்லிய எஃகுத் தகடும் சின்னக் கத்தியும்தான். நான்கு ஏடு போன பிறகு, கடைசி ஏடும் தாளும் ஒட்டியிருக்கும் இடம் வந்தது. தகட்டை நுழைத்தேன். தடையே இல்லாமல் போனது. இன்னும் கொஞ்சம் நுழைத்தேன், போய்க்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி ஏட்டைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே பசையே இல்லை. ராமபாணப் பூச்சிகள் எத்தனையோ வருடமாகப் பசையை மட்டும் பொறுமையாகத் தின்று, தாளையும் அட்டையையும் பிரித்து வைத்திருந்தன. முப்பது வருடம் நான் கொன்ற பூச்சிகளை நினைத்துக்கொண்டேன்.

எழுத்து தெரிந்தது. அழகான ஆங்கிலக் கையெழுத்து. தேதி, தாயின் பெயர், லயத்தின் எண், ஆணா பெண்ணா, கடைசிக் கட்டத்தில் குழந்தையின் பெயர். டீச்சர் ஒவ்வொரு வரியாக முணுமுணுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது வரியில், "மணியம்!" என்றார்.

மணியத்தின் பெயர் அங்கே இருந்தது. அப்படியென்றால் கிராணியய்யா கதை விடவில்லை. இந்தத் தாளில் யார் யார் பெயர் இருந்ததோ அவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் குனிந்தேன், நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது. ஏர்கான் அறையில் எனக்கு வியர்த்திருக்கிறது. மணியத்தின் அம்மா பெயர் கண்ணெதிரே ஊதாவாக விரிந்தது. டீச்சர் கைக்குட்டையை எடுத்து என் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஒன்பதாவது வரி வரைக்கும் சரோஜா இல்லை. பாக்கி இருந்தது அடி ஓரம். மூன்று வரி இருக்கலாம். அங்கே மட்டும் பசை கல்லாக இறுகியிருந்தது, பூச்சிக்கும் பல் இறங்கவில்லை. அதற்கு நேர் கீழே, கண்ணாடியின்மேல் கவிழ்ந்து கிடந்தது யானையின் வாளி. அழுத்தினால் வர்ணம் நொறுங்கும், அழுத்தாமல் பசை பெயராது.

நான் தகட்டைக் கீழே வைத்தேன். நிஜமாகச் சொல்கிறேன், ஓடிவிடலாம் என்று தோன்றியது. கூடத்தில் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. சரோஜா அக்கா கதவருகே வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "தம்பி, டீ போடவா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தகட்டை எடுத்தேன்.

மூன்று மணி நேரம் பிடித்தது. பசை உப்புக்கல் போலப் பொடிப் பொடியாகத் தெறித்தது. தகட்டை அழுத்தும்போதெல்லாம் அடியில் நறுக் நறுக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். பத்தாவது வரி வேறு யாரோ. பதினோராவது வரியில் தாயின் பெயர் பாதி வந்ததும் டீச்சர் என் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது. அடுத்த கட்டம் பெண். அதற்கடுத்த கட்டத்தில், பிற்பாடு அம்மை குத்தும்போது எழுதியதாக இருக்கும், கொஞ்சம் வேறு சாய்வில், சரோஜா. பக்கத்தின் அடியில் டிரஸரின் கையெழுத்தும் தோட்டத்தின் முத்திரையும் இருந்தன.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

சரோஜா அக்கா விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். "எது தம்பி எம் பேரு?" காட்டினேன். யாரையும் தாளைத் தொட விடாதவன், அவர் தொட்டபோது சும்மா நின்றேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "ஆறு எழுத்து. ஐசில, என் செவப்பு அட்டையில உள்ள மாதிரியே இருக்கு" என்றார். பிறகு டீச்சரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கும் அழுகை வந்தது. தாளில் விழுந்துவிடுமோ என்று பயந்து வெளியே போய் அழுதேன்.

தாளைத் திருப்பியபோது வாளியின் அடிப்பாகம் கண்ணாடியிலேயே தூளாகத் தங்கிவிட்டிருந்தது. யானை அடியில்லாத வாளியில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் பதிவு அலுவலகம் போனோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலையில் தூடோங் என்னும் முக்காடு அணிந்த இளம் பெண் அதிகாரி. டீச்சர் மலாயில் எல்லாம் சொன்னார். அதிகாரி தாளைப் படித்தார், விரலால் பதினோராவது வரியைத் தொட்டார், உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டினார். அந்தப் பத்து நிமிடம் சரோஜா அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. திரும்பி வந்த அதிகாரி சொன்னதை டீச்சர் எனக்குச் சொன்னார். நகல் செல்லாது, மூலத்தையே கோப்பில் வைக்க வேண்டும். குடியுரிமை கிடைத்தால் அது கோப்பிலேயே இருந்துவிடும். மறுக்கப்பட்டால் கொண்டுவந்தவருக்கே திரும்ப வரும்.

நான் டீச்சரைப் பார்த்தேன். "வச்சிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அதிகாரி பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்த இடம் தேடினார். எழுத்துப் பக்கத்தில் விரல் வைக்க இடமில்லை. தாளைத் திருப்பினார். யானையைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்துக் கவுண்டர் பெண்ணுக்கும் காட்டினார். பிறகு யானையின் வயிற்றில், நன்றாக மை தொட்டு, ஓங்கிக் குத்தினார்.

என்னையறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பு குத்திட்டாங்க தம்பி" என்றார். "இத்தன வருசமா நான் என்னா குடுத்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தள்ளி விட்ருவாங்க. இத வாங்கி வச்சிக்கிட்டாங்க."

சென்னை வந்து ஏழு வாரம் ஆகிறது. நண்டையும் பூனையையும் பல்லியையும் பத்திரமாகக் கொண்டுவந்தேன், யானைக்குப் புகைப்படம்தான். ராஜேஸ்வரி அம்மா திட்டினார், அது நியாயம்தான். இப்போது கொஞ்சம் தணிந்து, "மறுத்துவிட்டால் மூலம் திரும்ப வரும் என்றாயே, எதற்கும் காத்திருப்போம்" என்கிறார். திரும்ப வந்தால் அன்றே அனுப்பிவிடுகிறேன் என்று டீச்சரும் வாக்குக் கொடுத்திருக்கிறார். சரோஜா அக்காவின் மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கடிதம் எதுவும் வரவில்லை.

தினமும் பதினோரு மணிக்குத் தபால் வருகிறது. நேற்று மேசைமேல் ஒரு பெரிய பழுப்பு உறை கிடந்தது, உள்ளே மடங்காத அட்டை வைத்துக் கட்டியது, சரியாக யானையின் அளவு. ராஜேஸ்வரி அம்மா ஆசையாகக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். உள்ளே யானை என்றால் சரோஜா அக்காவுக்கு மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், பயந்துகொண்டே திருப்பிப் பார்த்தேன். அனுப்பியவர் முகவரி கோயம்புத்தூர் என்றிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன்.